பத்தாங் பெர்ஜுந்தையில குட்டைக்கரை ஓரமா ஓடணுமா? புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச வழி

எங்க ஊருக்குப் புதுசா வர்றவங்க, யூனிசெல் பல்கலைக்கழகத்துல படிக்க வர்ற பிள்ளைங்க, மாத்தலாகி வர்ற டீச்சருங்க, கல்யாணம் கட்டி வர்ற பொண்ணுங்க, எல்லாரும் ஒரு மாசம் போனதும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க, அக்கா இங்க ஜாகிங் போறதுக்கு எடமே இல்லையான்னு. இருக்கு, நெறையவே இருக்கு. ஆனா பட்டணத்துல இருக்கற பார்க் மாதிரி கல்லு பதிச்சு லைட்டு போட்டு போர்டு வச்சிருக்காது, அதனாலதான் கண்ணுல படறதில்ல. நான் ஆறு வருசமா இந்தக் குட்டைங்களச் சுத்தி ஓடறேன். எங்கம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சக்கரை வியாதி, கூடி கால் விரல எடுத்த வருசம் ஆரம்பிச்சது. 2019ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல நம்ம மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர், நம்ம இந்தியர்கள மட்டும் தனியா பாத்தா 31.4 விழுக்காடுன்னு வந்துச்சு. மூணு பேருல ஒருத்தர்னே வச்சுக்கலாம். அதனால யாராவது ஓடணும்னு கேட்டா எனக்கு அவ்ளோ சந்தோசம், உக்கார வச்சு முழுசா சொல்லித்தான் அனுப்புவேன், அதையே இங்க எழுதறேன்.

முதல்ல ஊரப் பத்திக் கொஞ்சம். 2007லேர்ந்து மேப்புல பெஸ்தாரி ஜெயான்னுதான் இருக்கும், ஆனா ஊருக்குள்ள வழி கேக்கறப்ப பழைய பேரச் சொன்னாத்தான் பெரியவங்களுக்கு உடனே வெளங்கும். கோலசிலாங்கூர் மாவட்டம், சிலாங்கூர் ஆறு ஓரமா போகுது, ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கற செம்பனைத் தோட்டம், இன்னொரு பக்கம் தண்ணி. அந்தத் தண்ணி தானா உண்டான ஏரி கெடையாது, எல்லாம் ஈயக்குட்டை, பழைய ஆளுங்க லம்பம்னு சொல்வாங்க. ஈயக் கப்பல் போட்டு தோண்டின பள்ளம். கப்பல்னா கடல்ல போறது இல்ல, தண்ணியில மிதந்துகிட்டே வாளி வாளியா மண்ண அள்ளி அலசி ஈயத்தப் பிரிச்சு மிச்ச மணல பின்னாடி துப்பிட்டுப் போற பெரிய மெஷினு. ராத்திரி பகலா ஓடும், அந்தச் சத்தம் நின்னாத்தான் லயத்துல, தோட்டத்து ஆளுங்க இருக்கற வரிசை வீட்டுல, எல்லாருக்கும் முழிப்பு வரும்னு எங்கப்பா சொல்வாரு. 1985ல உலகச் சந்தையில ஈய வெல விழுந்தப்புறம் லம்பம் ஒண்ணொண்ணா மூடுனாங்க, பள்ளத்துல மழைத் தண்ணி நெறஞ்சு இப்ப நாம பாக்கற குட்டைங்களா நிக்குது.

செம்பனைக்கும் எங்க பக்கத்துல பெரிய கத இருக்கு. இந்த நாட்டுல வியாபாரத்துக்குன்னு மொத மொதல்ல செம்பனை நட்டது 1917ல, கோலசிலாங்கூர்ல இருக்கற தென்னமரம் தோட்டத்துல. பேரே தமிழ். மலாய்க்காரங்களும் வெள்ளக்காரங்களும் அப்படியே தென்னமரம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஓடப் போற செம்மண் ரோடு இந்த நூறு வருசத்துல நம்ம ஆளுங்க நடந்து நடந்து போட்ட ரோடு. அத நெனச்சுகிட்டே ஓடினா எனக்குக் களைப்பு தெரியறதில்ல.

சரி, விசயத்துக்கு வருவோம். இங்க ஓடறதுக்கு எந்த ரூட்டுங்கறத விட எந்த நேரம்ங்கறதுதான் முக்கியம். தோட்டத்துக்குன்னு ஒரு கடிகாரம் இருக்கு, அது தெரிஞ்சா நிம்மதியா ஓடலாம், தெரியலன்னா லோரி தூசியில மூச்சு முட்டித் திரும்பி வருவீங்க.

நேரம் பாத்துக்குங்க

வெளியூர்லேர்ந்து வர்றவங்க செய்ற மொதத் தப்பு காலையில 6 மணிக்கே கெளம்பறது. இங்க 6 மணின்னா நடுராத்திரி மாதிரி கும்மிருட்டு. வருசம் முழுக்க பாத்தீங்கன்னா சூரியன் கிட்டத்தட்ட 7 மணிக்கும் 7.30க்கும் நடுவுலதான் மேல வருது. ஏன்னா 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பம் முழுக்க கடிகாரத்த அர மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சு சபா சரவாக் நேரத்தோட ஒண்ணாக்கிட்டாங்க. கித்தா வெட்டப் போன, அதாவது ரப்பர் மரம் சீவப் போன எங்கம்மா கணக்குல சொன்னா, சூரியன் அதே நேரத்துக்குத்தான் வந்துச்சு, தோட்டத்துச் சங்குதான் மாறுச்சு. அதனால 7.10, 7.15 வாக்குல கெளம்புங்க, போதும். வெளுத்த பின்னாடி ஒரு முக்கா மணி நேரம், அதுதான் நல்ல நேரம். குட்டைத் தண்ணி மேல மூட்டம் அப்பத்தான் மெல்ல எந்திரிக்கும், கொக்குங்க எறங்கும், வெயில் மட்டைக்கு நடுவுல சாஞ்சு வரும்.

வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பேரு கூப்பிடறது, முடிஞ்சிடும், ஆளுங்க மோட்டார்லயும் டிராக்டர்லயும் காட்டுக்கு, மரம் நிக்கற எடத்துக்குப் போவாங்க. அவங்க ஓட்டற வேகத்துக்கு இருட்டுல நீங்க நடுரோட்டுல நின்னா தெரியாது. 9, 9.30க்கு மேல செம்பனைக் குலை ஏத்தற லோரி ஓட ஆரம்பிக்கும், சாயங்காலம் கடைசி லோரி கில்லாங்குக்கு, அதாவது ஆலைக்குப் போற வரைக்கும் அந்த ரோடு அவங்களுக்குத்தான் சொந்தம். ஞாயித்துக்கிழமை கொஞ்சம் அமைதி. ஆனா காய் அதிகமா இருக்கற மாசத்துல ஞாயித்துக்கிழமையும் வேலை நடக்கும், அத வாசல்ல காவல் இருக்கற ஜாகா அண்ணன்கிட்ட கேட்டாலே சொல்லிடுவாரு.

சாயங்காலம் ஓடணும்னா 6 மணிக்கு மேல. ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர், இந்த ரெண்டு காலத்துலயும் மதியத்துக்கு மேல இடி மழை வரும், வர்ற வேகம் சொல்ல முடியாது. குட்டைக்கரை மேல நீங்க ஓடிகிட்டு இருந்தா அந்த எடத்துலயே உயரமான பொருள் நீங்கதான், இத மனசுல நல்லா வச்சுக்குங்க. மின்னல் அடிச்சதும் எண்ண ஆரம்பிங்க, இடி கேக்கறதுக்குள்ள 30 வரைக்கும் எண்ண முடியலன்னா அது பக்கத்துல இருக்கு, உடனே கார்லயோ கட்டடத்துக்குள்ளயோ போயிடணும், மரத்தடியில ஒதுங்கக் கூடாது, வேல செய்ற ஆளுங்க ஒதுங்கற தகரக் கொட்டாயும் வேணாம். கடைசி இடிச் சத்தத்துக்கு அப்புறம் இன்னொரு அர மணி நேரம் காத்திருந்துட்டுத்தான் வெளிய வரணும்.

வீட்டுல கடிகாரம் மறந்துட்டு வந்தாலும் ஒரு பூ நேரம் சொல்லும். தோட்டத்து ரோட்டு ஓரமா முழங்கால் ஒசரத்துல வெள்ளையா அஞ்சு இதழோட ஒரு பூ வரிசையா நட்டிருப்பாங்க, குனிஞ்சு பாத்தீங்கன்னா அடியில மஞ்ச, அதுக்கும் உள்ள பொட்டு வச்ச மாதிரி கருநீலம். தர்னேரான்னு பேரு. அழகுக்கு நட்டதுன்னு நெனைப்பீங்க. செம்பனை மட்டையத் தின்னு தீக்கற கூட்டுப்புழு இருக்குல்ல, உலாட் புங்குஸ், அதக் கொல்ற குட்டிக் குளவிங்களுக்குத் தேன் குடுக்கறதுக்காக நடறாங்க, மருந்து அடிக்கறது கொறையும். இந்தப் பூ காலையில வெயில் பட்டதும் விரியும், மதியம் ஆகறதுக்குள்ள சுருங்கிடும். பூ சுருங்க ஆரம்பிச்சதப் பாத்தா நான் எவ்ளோ தூரம் பாக்கி இருந்தாலும் ஓடறத நிறுத்திட்டு நடந்து வீட்டுக்கு வந்திடுவேன்.

கேட்டுட்டு உள்ள போங்க

செம்பனைத் தோட்டம் எல்லாம் தனியார் நிலம். நம்ம தாத்தா பாட்டி அங்க வேலை செஞ்சாங்கங்கறது உண்மைதான், ஆனா இன்னைக்கு கேட் இருக்கு, ஜாகா இருக்காரு, குலைத் திருட்டு அதிகம்ங்கறதால புதுமுகத்தப் பாத்தா சந்தேகப்படறதும் நியாயம். அதனால ஓடறதுக்கு மொத நாளே நேரா தோட்டத்து ஆபிசுக்குப் போயி அங்க கிளார்க்கா இருக்கற கிராணிகிட்ட பேசுங்க. பேரு, அடையாள அட்டை ஐசி நம்பர், எந்த நேரம், எத்தன பேருன்னு எழுதிக் குடுத்தா எங்க அனுபவத்துல முக்காவாசி எடத்துல விட்டுடறாங்க. விடலன்னா சண்ட போடாதீங்க, குட்டைப் பக்கமும் ஆத்துப் பக்கமும் வழி இருக்கு. எந்தத் தோட்டம்னு நான் இங்க பேரு போடாததுக்குக் காரணமும் இதுதான், கேக்காம நேரா உள்ள நொழஞ்சா அடுத்து வர்றவங்களுக்கும் கதவு மூடிடும்.

குட்டைங்கள்லயும் சிலது வேலி போட்டு பம்ப் வச்சிருக்காங்க. வறட்சி நேரத்துல இங்கேர்ந்து தண்ணிய ஆத்துக்கு எறச்சு, கீழ சுத்திகரிப்பு ஆலையில குடி தண்ணியாக்கறாங்க. கிள்ளான் பள்ளத்தாக்குல நம்ம சொந்தக்காரங்க கொழாயில குடிக்கற தண்ணியில இந்தக் குட்டைத் தண்ணியும் கொஞ்சம் இருக்கலாம். வேலி இருக்கற எடத்துல உள்ள போகவே வேணாம், மத்த எடத்துலயும் பிளாஸ்டிக் போத்தல தூக்கிப் போடாதீங்க.

மொத ரூட்டு: கரை மேடு

ஓடிப் பழக்கமே இல்லாதவங்க இங்கதான் ஆரம்பிக்கணும். பட்டணத்துப் பக்கத்துலயே வெள்ளம் வராம இருக்கறதுக்காக மண்ண ஒசத்திக் கட்டின கரை இருக்கு, மேல தட்டையா கல்லு சரளை போட்டிருக்கும். என் போன் கணக்குல போக 1.1 கிலோமீட்டர், திரும்பி வர அதே. ஏத்தம் எறக்கம் கெடையாது, ரெண்டு பக்கமும் தூரம் வரைக்கும் தெரியும், நாய் வந்தாலும் ஆள் வந்தாலும் முன்னாடியே பாத்திடலாம். மறுபடி மறுபடி போயிட்டு வந்தாலே போதும், ரவுண்டு அடிக்கணும்னு கட்டாயம் இல்ல.

மொத வாரமே 2 கிலோமீட்டர் நிக்காம ஓடிக் காட்டணும்னு நெனைக்காதீங்க. 1 நிமிசம் மெதுவா ஓட்டம், 2 நிமிசம் நடை, இப்படி எட்டு தடவ. வாரத்துல மூணு நாள், நடுவுல ஒரு நாள் விட்டு. ரெண்டாவது வாரம் பாதிக்குப் பாதி ஆக்குங்க. பேசிகிட்டே ஓட முடியுதான்னு பாருங்க, மூச்சு வாங்கி பேச்சு நின்னு போச்சுன்னா வேகம் கூடிடுச்சுன்னு அர்த்தம். எங்களோட வர்ற அத்தை ஒருத்தவங்க, 58 வயசு, பேரப் பிள்ளைங்களப் பத்தி பேசிகிட்டே ஓடுவாங்க, பேச்சு நின்னா அவங்களே நடக்க ஆரம்பிச்சிடுவாங்க. அவங்கள மாதிரி செய்யுங்க. மூணு மாசத்துல நிக்காம அர மணி நேரம் ஓடினாங்க, அன்னைக்கு கரையில நாங்க எல்லாரும் கை தட்டினோம்.

இனிப்பு நீர் இருக்கறவங்க, பிரஷர் இருக்கறவங்க, நெஞ்சு படபடக்குதுன்னு சொல்றவங்க மொதல்ல கிளினிக்குல டாக்டரக் கேட்டுட்டு ஆரம்பிங்க. இன்சுலின் போடறவங்களும் சக்கரையக் கொறைக்கற மாத்திர போடறவங்களும் ஓடப் போறதுக்கு முன்னாடி விரல்ல குத்திப் பாக்கணும், mmol/L கணக்குல 5க்குக் கீழ இருந்தா ஏதாவது சாப்ட்டுட்டு ஏறினப்புறம் கெளம்புங்க, பாக்கெட்டுல எப்பவும் இனிப்பு மிட்டாய் வச்சுக்குங்க. கை நடுங்கி, வேர்வ சில்லுன்னு கொட்டுச்சுன்னா நின்னுட்டு அத வாயில போடணும். ஓடி வந்ததும் கால கழுவி வெரலுக்கு நடுவுல வரைக்கும் வெளிச்சத்துல பாக்கணும், சின்னதா கொப்புளம் இருந்தாலும் விட்டுடக் கூடாது. எங்கம்மாவுக்கு ஆரம்பிச்சது செருப்பு உரசின ஒரு சின்ன புண்ணுலதான்.

ரெண்டாவது ரூட்டு: வெள்ளமணல் குட்டை

இதுதான் எல்லாருக்கும் புடிச்ச ரூட்டு, எனக்கும். சுமார் 5 கிலோமீட்டர். கரைய விட்டு எறங்கி லாலான் புல்லுக்கு நடுவுல கார் போன தடம் ஒண்ணு போகும், அப்புறம் தரையே வெள்ள வெளேர்னு மாறிடும். மொத மொற பாக்கறவங்க கடற்கரைன்னே நெனப்பாங்க. ஈயத்த எடுத்துட்டு துப்பின மணல். ரெண்டு பக்கமும் குட்டை, ஒண்ணு பச்ச, ஒண்ணு நீலம், மேகம் அப்படியே உள்ள தெரியும். தாமரை ஒரு மூலையில அடர்ந்து கெடக்கும். மீன்கொத்தி நீலமா கோடு இழுத்த மாதிரி போகும், சிவப்பு ரெக்க கருடன் மேல வட்டம் அடிக்கும், அக்டோபருக்கு மேல மார்ச்சு வரைக்கும் வடக்கேர்ந்து வர்ற பறவைங்களும் சேந்துக்கும். கரையோரம் தூண்டி போடற மாமாங்க ரெண்டு மூணு பேரு எப்பவும் இருப்பாங்க, அவங்க மோட்டார் நிக்குதுன்னா அந்தப் பக்கம் வழி நல்லா இருக்குன்னு அர்த்தம்.

மணல்ல ஓடறது ரோட்டுல ஓடற மாதிரி கெடையாது, கால் பொதையும், கெண்டக்கால் சத வலிக்கும். மோட்டார் சக்கரம் அழுத்தின தடத்துல ஓடுங்க, அது கெட்டியா இருக்கும். மழை பெஞ்ச மறுநாள் காலையில இன்னும் நல்லா எறுகி இருக்கும்.

இப்ப சொல்றத தயவு செஞ்சு கவனமா படிங்க. தண்ணி ஓரத்துலேர்ந்து குறைஞ்சது பத்து அடியாவது தள்ளித்தான் ஓடணும். நான் ஓட ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம், தாமரைக்குப் பின்னாடி செந்நாரை ஒண்ணு நின்னுச்சு, போட்டோ எடுக்கலாம்னு ஓரத்துக்குப் போனேன். மேல காஞ்சு வெடிச்சு பிஸ்கட் மாதிரி இருந்துச்சு, மெறிச்சா தாங்கும்னுதான் தெரிஞ்சுது. வலது கால் வச்சேன், சத்தமே இல்லாம முழங்கால் வரைக்கும் உள்ள போயிடுச்சு. சாம்பல் கலர்ல, கொழகொழன்னு, மைதா மாவக் கரச்ச மாதிரி சேறு, சில்லுன்னு கால புடிச்சுகிச்சு. இழுத்தா இன்னும் உள்ள போகுது. பதறிட்டேன், கத்தினேன், தூண்டி போட்டுகிட்டு இருந்த மாமா ஒருத்தரு அங்கேர்ந்தே சத்தமா சொன்னாரு, பாப்பா இழுக்காத, படுத்துக்கன்னு. அப்படியே பின்னாடி சாஞ்சு முதுக மணல்ல போட்டு படுத்தேன். கால மெல்ல மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தேன், பத்து நிமிசம் ஆச்சு, காலு வந்துச்சு, சப்பாத்து உள்ளயே தங்கிடுச்சு. புல்லப் புடிச்சு கையெல்லாம் கீறல்.

அந்த மாமா சின்ன வயசுல கப்பல்ல வேலை செஞ்சவரு, அப்புறம் உக்கார வச்சு வெளக்கினாரு. மண்ண அலசறப்ப கனமான மணல் பக்கத்துலயே விழுந்திடும், பவுடர் மாதிரி இருக்கற சேறு தண்ணியோட போயி தாழ்ந்த எடத்துல தங்கும். வருசக்கணக்குல மேல மட்டும் காஞ்சு தோல் கட்டும், உள்ள அப்படியே ஈரம். வெள்ள மணல் நம்பலாம், சாம்பல் மண் நம்பக் கூடாது, அதுலயும் கோரப் புல்லு மொளச்சிருக்கற சாம்பல் மண்ணு இன்னும் மோசம்னு சொன்னாரு. அதே மாதிரி கரை ஓரத்துல தண்ணி கணுக்கால் அளவுதான் தெரியும், அடுத்த அடியில செங்குத்தா எறங்கிடும், படிப்படியா ஆழமாகறது இந்தக் குட்டையில கெடையாது. ஈயக்குட்டையில குளிக்கப் போயி திரும்பி வராத பிள்ளைங்க செய்திய நம்ம ஊர்ப் பேப்பர்ல எத்தன தடவ படிச்சிட்டோம். வேர்த்து வந்து மொகம் கழுவலாம்னு கூட எறங்காதீங்க. பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தா கைய விடாதீங்க, இல்ல மொத ரூட்டுலயே நின்னுக்குங்க.

மழத் தண்ணி தேங்கின குண்டு குழியையும் தாண்டிப் போங்க, மெறிச்சுகிட்டு ஓட வேணாம். எலி மூத்திரத்துலேர்ந்து வர்ற காய்ச்சல் தண்ணி வழியா காலுல இருக்கற புண்ணு மூலமா உள்ள போகும். ஓடி ஒரு வாரம் பத்து நாள்ல காய்ச்சல், கெண்டக்கால் வலி, கண்ணு செவப்பா வந்தா டாக்டர்கிட்ட குட்டைப் பக்கம் ஓடினேன்னு மறக்காம சொல்லுங்க, அவங்களுக்கு அது பெரிய தகவல்.

மூணாவது: செம்பனைக்குள்ள

8 கிலோமீட்டர் வரைக்கும் போகலாம், ஆனா நிக்காம 5 ஓட முடிஞ்சவங்களுக்கு மட்டும், அதுவும் தனியா வேணாம். உள்ள போனா எல்லா ரோடும் ஒரே மாதிரி. மரங்கள முக்கோண கணக்குல சுமார் 9 மீட்டர் எடவெளி விட்டு நட்டிருப்பாங்க, எந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாலும் நேர்கோடா தெரியும், அதுலயே வழி தப்பிடும். போன் லைனும் சில எடத்துல வராது. ஒவ்வொரு முச்சந்தியிலயும் சின்ன போர்டு நட்டிருக்கும், காட்டு நம்பர், நட்ட வருசம், எத்தன எக்டர்னு எழுதியிருக்கும். திரும்பற எடத்துல எல்லாம் அந்த போர்ட போட்டோ எடுத்துக்கிட்டே போங்க, திரும்பி வர்றப்ப தலகீழாப் பாத்துகிட்டு வந்தாப் போதும். பழைய ஆளுங்ககிட்ட வழி கேட்டா மூணாவது கட்டைக்குப் பக்கத்துலன்னு சொல்வாங்க, கட்டைன்னா மைல், மறந்திடாதீங்க, அஞ்சு கட்டைன்னா 8 கிலோமீட்டர் ஆயிடும்.

குலை வெட்டற எடத்துல நின்னுடணும். இப்ப வெட்டறவங்க பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசத்துலேர்ந்து வந்த ஆளுங்க, நீளக் கம்புல அருவா கட்டி தலைக்கு மேல வெட்டுவாங்க, மட்டை விழற எடம் அவங்களுக்கே சரியா தெரியாது, அடி மட்டையில முள்ளு வேற. ஒரு குலை இருவது கிலோ சுலபமா வரும். தூரத்துலேர்ந்தே சத்தமா தும்பாங் லாலு அபாங், வழி விடுங்க அண்ணேன்னு மலாய்ல சொல்லுங்க, அவங்க நிறுத்தி கை காட்டினப்புறம் போங்க. மருந்து அடிக்கற நாளு காத்துல வாசன வரும், முதுகுல டேங்கு கட்டின ஆளுங்கள பாப்பீங்க, அன்னைக்கு அந்தப் பக்கமே வேணாம்.

பாம்ப பத்தி எல்லாரும் கேப்பாங்க. இருக்கு. எலி இருக்கற எடத்துல நாகமும் மலைப்பாம்பும் இருக்கத்தான் செய்யும். ரோட்டு நடுவுல ஓடினா அது நம்ம அதிர்வ கேட்டு ஒதுங்கிடும், வெட்டிக் குமிச்ச மட்டை மேல மட்டும் ஏறாதீங்க, அதுதான் அதுங்க வீடு. இங்க இருக்கற நாகம் கண்ண பாத்து வெசம் துப்பற வகை, போட்டோ எடுக்க குனியாதீங்க. கண்ணுல பட்டுட்டா கசக்காம நல்ல தண்ணிய ஊத்தி ஊத்தி கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. கடிச்சிட்டா கால அசைக்காம வச்சுகிட்டு 999 கூப்பிடுங்க, கயிறு கட்டறது, கத்தியில கீறறது, வாயால உறியறது எதுவும் செய்யக் கூடாது. இந்த ஆறு வருசத்துல நான் பாம்ப பாத்தது நாலு தடவதான், நாலு தடவையும் அது போற வரைக்கும் நின்னு பாத்துட்டு வந்தேன்.

கம்பத்துல பொட்டி வச்சிருக்கறது தேன்கூடுன்னு நெனைப்பீங்க, அது கோட்டானுக்கு. எலிய புடிக்கறதுக்காக வளக்கறாங்க. வெளுக்கற நேரம் அமைதியா போனீங்கன்னா வெள்ள மூஞ்சிய பொட்டி வாசல்ல பாக்கலாம்.

நாயி, புகை, மத்தது

லயத்து நாயி கொரைக்கும், ஓடினா தொரத்தும். நின்னுடுங்க, மொகத்த நேரா பாக்காம, கைய கீழ வச்சு, மெல்ல நடந்து தாண்டுங்க. பத்து நாள் அதே நேரத்துக்கு அதே வழியில போனா அதுங்களுக்கே உங்க மேல சலிப்பு வந்திடும். கொரங்கு கூட்டம் இருந்தா கையில பிளாஸ்டிக் பை வச்சிருக்காதீங்க, சாப்பாடுன்னு நெனச்சு பறிக்கும்.

பக்கத்துலயே ராஜா மூசா காடு, சதுப்பு நிலம், வறட்சியில மண்ணுக்கு அடியிலயே தீ பத்திக்கும், புகை நாள் கணக்குல நிக்கும். அந்த மாசங்கள்ல வெளிய வர்றதுக்கு முன்னாடி ஏபிஐ, அதாவது காத்து மாசு குறியீடு, எவ்ளோன்னு பாருங்க. 50க்குள்ள இருந்தா நல்லது, 100 தாண்டினா ஓடக் கூடாது, ஆஸ்துமா இருக்கறவங்க 100 நெருங்கினாலே வீட்டுக்குள்ளயே நடந்துக்குங்க.

பொண்ணுங்களுக்குத் தனியா ஒரு வார்த்த. நாங்க நாலு பேரு சேந்துதான் ஓடறோம், ஆளு கெடைக்காத நாளு கரை மேட்டோட நிறுத்திக்கறோம். எந்த ரூட்டு, எத்தன மணிக்குத் திரும்புவேன்னு வீட்டுல சொல்லிட்டு போங்க, போன்ல இருக்கற எடத்த யாருக்காவது பகிர்ந்துட்டு ஓடுங்க. ரெண்டு காதுலயும் பாட்டு போட்டுக்காதீங்க, பின்னாடி வர்ற லோரி சத்தம் கேக்கணும். துணி விசயத்துல யார் என்ன சொல்லுவாங்களோன்னு தயங்கி தயங்கி நின்ன பொண்ணுங்க எத்தன பேர பாத்திருக்கேன். முழுக்கால் டிராக், தொளதொள பாஜுன்னு எது உங்களுக்கு வசதியோ அத போட்டுகிட்டு வாங்க. ரெண்டு மாசம் போனா லயத்து வாசல்ல உக்காந்திருக்கற பாட்டிங்களே இன்னைக்கு ஏன் லேட்டுன்னு கேக்க ஆரம்பிச்சிடறாங்க.

சப்பாத்துக்கு ரொம்ப காசு போட வேணாம். நம்ம கால் அளவுக்கு வெரல் நுனியில ஒரு கட்ட வெரல் அகலம் எடம் விட்டு, அடியில பள்ளம் பள்ளமா புடிப்பு இருக்கற சப்பாத்தா வாங்குங்க, செம்மண் மழையில சோப்பு மாதிரி வழுக்கும். சோக்ஸ் கண்டிப்பா. பளிச்சுன்னு தெரியற கலர்ல சட்ட, கறுப்பு வேணாம். ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா வெறும் தண்ணியே போதும், இனிப்பு தண்ணி குடிச்சா ஓடினதெல்லாம் வீண்.

வந்ததும் உடனே உக்காராம அஞ்சு நிமிசம் நடங்க, கெண்டக்கால செவுத்துல ஊனி இழுத்து விடுங்க, சப்பாத்த கழட்டி கவுத்து தட்டி வெயில்ல வச்சுட்டு, அட்ட ஏதும் ஒட்டியிருக்கான்னு கணுக்கால பாத்துட்டு, அப்புறம் பசியாறப் போங்க. புதுசா வர்றவங்க சனிக்கிழமை 7.10க்கு கரை மேடு ஆரம்பிக்கற எடத்துல வந்து நின்னீங்கன்னா எங்க நாலு பேர்ல ஒருத்தராவது இருப்போம், மொத தடவ கூடவே ஓடி வெள்ள மணல் எது சாம்பல் மண் எதுன்னு காட்டி விடறோம்.